கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் பிரிந்தால் சொத்து யாருக்கு?

ஏழெட்டு வருடம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்துவிட்டுப் பிரிகிறவர்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "சட்டப்படி பாதி எனக்கு வரும்தானே?" இந்தியாவில் இதற்கு நேரான பதில், தானாக எதுவும் வராது என்பதுதான். திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களின் சொத்தை எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் தனிச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் குற்றமில்லை என்பதால் உரிமை வந்துவிடாது. இந்த இடைவெளியில்தான் நிறையப் பேர், முக்கியமாகப் பெண்கள், கையில் எதுவும் இல்லாமல் வெளியே வருகிறார்கள்.

இணையத்தில் தேடினால் கிடைக்கும் தகவல் பெரும்பாலும் வேறு நாட்டுச் சட்டம். ஆஸ்திரேலியாவில் பொதுவாக இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்த ஜோடி, பிரியும்போது கணவன் மனைவியைப் போலவே நீதிமன்றத்தில் சொத்துப் பங்கீடு கேட்கலாம். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே சமபங்கு விதி பொருந்தும். நம்மவர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோவில் அந்த விதி திருமணமானவர்களுக்கு மட்டும்தான். அதனால் டொராண்டோவில் இருக்கும் சித்தி மகள் சொன்னது, மெல்போர்னில் இருக்கும் நண்பன் சொன்னது எதையும் வைத்துச் சென்னையில் முடிவெடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்தியாவில் முறைப்படி தாலி கட்டிக்கொண்டவர்களுக்கும் 'ஆளுக்குப் பாதி' என்ற விதி பொதுவாகக் கிடையாது. போர்த்துக்கீசியர் காலத்துச் சட்டம் தொடரும் கோவாவில் மட்டும் கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகக் கருதப்படுகிறது. மற்ற மாநிலங்களில் அவரவர் பெயரில் இருப்பது அவரவருடையது. விவாகரத்தாகும் மனைவிக்கு ஜீவனாம்சம் உண்டு, சீதனத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உண்டு. கணவன் பெயரில் உள்ள வீட்டில் பாதி அவளுக்கு என்று எழுதிவைத்த சட்டம் இல்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான் என்று சொல்லி, அவருக்குச் சமபங்கு கொடுத்தது. எனக்கு மிகவும் நிறைவு தந்த தீர்ப்பு அது. ஆனால் அதுவும் திருமணமான தம்பதி பற்றியது. தாலி இல்லாத வீட்டில் சமைத்து, பிள்ளையை வளர்த்து, மாமியார் ஸ்தானத்தில் இருந்தவரையும் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு அது தானாகப் பொருந்தும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் நீதிமன்றம் எதைப் பார்க்கும்? இரண்டு கேள்வி. பத்திரம் யார் பெயரில்? பணம் யாருடையது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு ஜோடி, இருவரும் வேலைக்குப் போகிறார்கள். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃபிளாட். முன்பணம் 12 லட்சம் அந்த ஆண் போடுகிறார், மீதி 48 லட்சம் வங்கிக் கடன். கடன் அவர் பெயரில், கிரயப் பத்திரமும் அவர் பெயரில். மாதத் தவணை சுமார் 42,000 ரூபாய் அவர் கணக்கிலிருந்து போகிறது. "லோனை நான் பார்த்துக்கிறேன், வீட்டுச் செலவை நீ பார்த்துக்கோ" என்று பேசிக்கொள்கிறார்கள். மளிகை, பால், கரண்ட் பில், கேஸ், வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளம், அபார்ட்மென்ட் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அவள். மாதம் 35,000 ரூபாய் போகிறது. ஐந்து வருடம் கழித்துப் பிரிகிறார்கள். அவர் தவணையாகக் கட்டியது 25 லட்சத்துக்கு மேல். அவள் செலவழித்தது 21 லட்சம். அவருக்கு வீடு மிஞ்சுகிறது, அவளுக்குக் கூகுள் பே வரலாறு மிஞ்சுகிறது. அவள் வீட்டைச் சுமந்ததால்தான் அவரால் தவணை கட்ட முடிந்தது என்பது இருவருக்கும் தெரியும். பத்திரத்துக்குத் தெரியாது.

இதே ஃபிளாட் இருவர் பெயரிலும் இருந்திருந்தால் கதை வேறு. அப்போது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 45 உதவிக்கு வரும். அது மூன்று நிலைகளைச் சொல்கிறது. இருவருக்கும் பொதுவான நிதியிலிருந்து பணம் போயிருந்தால், அந்த நிதியில் யாருக்கு எவ்வளவு பங்கோ, சொத்திலும் அவ்வளவு. தனித்தனிப் பணமாகப் போட்டிருந்தால், போட்ட விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லையென்றால், இருவருக்கும் சமபங்கு என்று நீதிமன்றம் வைத்துக்கொள்ளும். இந்த மூன்றும், இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைக்கும்தான். பத்திரத்திலேயே 'ஆளுக்குப் பாதி' என்றோ '70-க்கு 30' என்றோ எழுதியிருந்தால் பெரும்பாலான சண்டை அங்கேயே முடிந்துவிடும். இந்தப் பிரிவு திருமணமானவர்களா, ஆணும் பெண்ணுமா, இரண்டு பெண்களா என்றெல்லாம் கேட்பதில்லை. அதனால் திருமண உரிமை கிடைக்காத தன்பாலின ஜோடிகளுக்கும் இது அப்படியே பொருந்தும்.

மேலே சொன்ன கணக்கில் ஒரே ஒரு மாற்றம் செய்திருந்தாலும் அவளுடைய நிலை மாறியிருக்கும். இருவர் பெயரிலும் பத்திரம், இருவர் சம்பளமும் ஒரே கூட்டுக் கணக்குக்கு, அங்கிருந்தே தவணையும் மளிகையும் என்று வைத்திருந்தால், வீட்டுக்குப் போன பணம் பொது நிதியிலிருந்து போனதாகச் சொல்ல அவளுக்கு வலுவான வாதம் கிடைத்திருக்கும். செலவு அதே செலவுதான், போகும் வழி மட்டும் வேறு.

பலரும் அறியாத பள்ளம் ஒன்று உண்டு: பினாமிச் சட்டம். அவள் தன் சேமிப்பிலிருந்து பத்து லட்சம் கொடுத்து, பத்திரம் மட்டும் அவர் பெயரில் எழுதினார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு அவள், "உண்மையில் அந்த வீட்டில் எனக்கும் பங்கு இருக்கிறது, பெயர் மட்டும்தான் அவருடையது" என்று வழக்குப் போட்டால், 1988-ஆம் ஆண்டு பினாமிச் சட்டத்தின் பிரிவு 4 குறுக்கே நிற்கும். பினாமிச் சொத்தில் உரிமை கேட்டு உண்மையான உரிமையாளர் வழக்கே போட முடியாது என்கிறது அந்தப் பிரிவு. கணக்கில் காட்டிய தன் சொந்தப் பணத்தில் மனைவி பெயரிலோ கணவன் பெயரிலோ வாங்கினால் அது பினாமி ஆகாது என்று சட்டம் விலக்குக் கொடுத்திருக்கிறது. பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கும் விலக்கு உண்டு. சேர்ந்து வாழும் துணைக்கு அந்த விலக்கு இல்லை. அதனால் 'நமக்குள் என்ன' என்று பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரை விட்டுக்கொடுப்பதுதான் இந்த விஷயத்தில் செய்யக்கூடிய பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன். பெயர் சேர்க்க முடியாத சூழ்நிலை என்றால், கொடுத்த பணத்தைக் கடனாக எழுதி வாங்குங்கள். அந்தக் கடனைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்று வருடத்துக்குள் ஒருமுறை கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்து வாங்கினால் கெடு புதிதாகத் தொடங்கும்.

வீட்டைத் தவிர மற்றவை கொஞ்சம் சுலபம். வண்டி, ஆர்.சி. புத்தகத்தில் இருப்பவருக்கு. வாடகை வீட்டு அட்வான்ஸ் பல மாத வாடகையாக இருக்கும் ஊர் நம் ஊர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடம்தான் வீட்டு உரிமையாளர் திருப்பிக் கொடுப்பார், அதனால் இருவரும் போட்ட பணம் என்றால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும். கூட்டு வங்கிக் கணக்கில் 'இருவரில் ஒருவர்' என்று இருந்தால் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். வங்கி தடுக்காது. பிரிவு என்று முடிவானதும் வங்கிக்கு எழுதிக்கொடுத்து, இருவர் கையெழுத்தும் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்று மாற்றச் சொல்வது நல்லது.

நகை தனிக் கதை. பிறந்த நாளுக்கு, பொங்கலுக்கு என்று கையில் கொடுத்த வளையல், கொடுத்த கணமே அன்பளிப்பு ஆகிவிடுகிறது. பிரிந்த பிறகு "நான் வாங்கிக் கொடுத்தது" என்று திரும்பக் கேட்க முடியாது. சிக்கல் வருவது, அவளுடைய நகையை அவர் பெயரில் அடகு வைக்கும்போதுதான். அடகுச் சீட்டு யார் பெயரிலோ, மீட்கும்போது நகை அவர் கைக்குத்தான் போகும். நகை வாங்கிய ரசீது, அணிந்திருக்கும் படங்கள், அடகு வைத்த அன்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, இவையெல்லாம் அப்போது ஆதாரமாக நிற்கும்.

இதுவரை சொன்னது ஆண், பெண் இருவருக்கும் பொது. பெண்களுக்கு மட்டும் இன்னொரு கதவு இருக்கிறது: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம். மனைவிக்கு மட்டுமில்லாமல், 'திருமணத்தின் தன்மையிலான உறவில்' ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அடி உதை மட்டும்தான் வன்முறை என்று இது சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, அவளுக்கு உரிமை உள்ள பொருளை விற்பது, நகையைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் பொருளாதார வன்முறைக்குள் வரும். குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தால், சேர்ந்து வாழ்ந்த வீட்டை விட்டு அவளைத் துரத்தக் கூடாது, கூட்டுக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது, அவளுடைய நகையையும் பொருளையும் திருப்பிக் கொடு, மாதாமாதம் இவ்வளவு கொடு என்றெல்லாம் நடுவர் உத்தரவிடலாம். ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டில் குடியிருக்கும் உரிமை வேறு, வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆவது வேறு. இந்தச் சட்டம் முதலாவதைத் தரும், இரண்டாவதைத் தராது.

எந்த உறவு 'திருமணத்தின் தன்மையிலானது' என்பதில்தான் வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும். கோயம்புத்தூரில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் 2010-ல் நான்கு அடையாளங்கள் சொல்லப்பட்டன. ஊர் உலகத்தின் முன் கணவன் மனைவியாக இருந்திருக்க வேண்டும். திருமண வயது வந்திருக்க வேண்டும். இருவரும் திருமணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாக, அதாவது வேறு கணவனோ மனைவியோ இல்லாதவர்களாக இருக்க வேண்டும். கணிசமான காலம் விரும்பிச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் பலரைக் கவிழ்க்கிறது.

2013-ல் பெங்களூரு வழக்கு ஒன்று இதை வலியோடு காட்டியது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த இருவர். ஆணுக்கு மனைவியும் குழந்தைகளும் உண்டு, அது தெரிந்தே அந்தப் பெண் அவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிரிந்தபோது கீழ் நீதிமன்றம் மாதம் 18,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அவருக்கு மனைவி இருப்பது தெரிந்தே வாழ்ந்ததால் இந்த உறவு சட்டத்துக்குள் வராது என்றார்கள். அதே தீர்ப்பில், எத்தனை வருடம் வாழ்ந்தார்கள், பணத்தை எப்படிச் சேர்த்துச் செலவழித்தார்கள், வீட்டு வேலையை எப்படிப் பகிர்ந்தார்கள், பிள்ளைகள் உண்டா, உறவினர் நண்பர் முன் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எதையெல்லாம் பார்க்க வேண்டும் என ஒரு வரிசையும் கொடுத்தார்கள். இப்படிப்பட்ட பெண்கள் ஆதரவில்லாமல் நிற்கிறார்கள், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் நீதிபதிகளே எழுதினார்கள். நாடு முழுமைக்குமான அப்படி ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் கொண்டுவரவில்லை. உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்வதைப் பதிவு செய்யச் சொல்கிறது, கைவிடப்பட்ட பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்கிறது. சொத்துப் பங்கீட்டை அதுவும் தொடவில்லை. தனி வாழ்க்கையை அரசு அலுவலகத்தில் பதியச் சொல்லிவிட்டு, பிரியும்போது சொத்துக்கு வழி சொல்லாமல் விடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி, இருவர் பெயரில் இருக்கும் வீட்டை நிஜத்தில் எப்படிப் பிரிப்பது? பேசி முடித்தால் இரண்டு வழி. வீட்டை விற்று, கடனை அடைத்து, மீதியைப் பிரித்துக்கொள்ளலாம். அல்லது ஒருவர் மற்றவரின் பங்குக்குப் பணம் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்துகொள்ளலாம். பேசி முடியவில்லையென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு. குடும்ப நீதிமன்றம் இதை எடுக்காது, அது கல்யாணமானவர்களுக்கு. முதலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும், அப்புறம் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் வந்து இடத்தைப் பார்ப்பார். நிலம் என்றால் வரப்புப் போட்டுப் பிரிக்கலாம், இரண்டு படுக்கையறை ஃபிளாட்டை எப்படிப் பிரிப்பது? அதற்கு 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் வழி சொல்கிறது. பாதி அல்லது அதற்கு மேல் பங்கு உள்ளவர் கேட்டால் நீதிமன்றம் சொத்தை விற்கச் சொல்லலாம். மற்றவர் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளவும் கேட்கலாம்.

இந்த வழக்கில் ஒரு நுணுக்கம். தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி, சொத்து இன்னும் இருவரின் கூட்டு அனுபவத்தில் இருந்தால் பாகப்பிரிவினை வழக்குக்குக் கட்டணம் ஒரு நிலையான சிறு தொகை. உங்களை முழுக்க வெளியேற்றிவிட்டார்கள் என்றால், உங்கள் பங்கின் சந்தை மதிப்பை வைத்துக் கட்டணம் கட்ட வேண்டும், அது லட்சங்களில்கூடப் போகலாம். கோபத்தில் சாவியைத் தூக்கி எறிந்துவிட்டு வருவதற்கு முன் இதை யோசியுங்கள். வீட்டில் இருப்பது ஆபத்து என்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் வெளியேறுங்கள், உயிரை விடப் பெரிய நீதிமன்றக் கட்டணம் இல்லை.

விடுதலைப் பத்திரம் எழுதும்போது இரண்டு செலவை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினர்களுக்குள் செட்டில்மென்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. சேர்ந்து வாழ்ந்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. தானமாக எழுதினாலும் கிரயத்தைப் போல 7 சதவீதம் வரும். அடுத்தது வருமான வரி. கணவன் மனைவிக்குள் கொடுத்துக்கொள்ளும் அன்பளிப்புக்கு வரி இல்லை. சேர்ந்து வாழ்ந்தவர் வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் உறவினர் கிடையாது, அதனால் பணம் வாங்காமல் பங்கை விட்டுக்கொடுத்தால், வாங்கிக்கொண்டவருக்கு அந்த மதிப்பு வருமானமாகக் கணக்கிடப்படலாம். பத்திரம் எழுதுமுன் ஒரு ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

வங்கிக் கடன் இருவர் பெயரில் இருந்தால், பங்கை விட்டுக்கொடுத்தவர் கடனிலிருந்து தானாக விடுபட மாட்டார். இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வங்கி கேட்கலாம். இனி வீட்டை வைத்துக்கொள்பவரின் சம்பளம் மட்டும் கடனுக்குப் போதுமா என்று வங்கி புதிதாகப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மற்றவர் பெயர் நீங்கும். அந்தக் கடிதம் வங்கியிடமிருந்து கைக்கு வருவதற்கு முன் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் வீடும் இல்லை, ஆனால் அவர் தவணை தவறும்போதெல்லாம் உங்கள் சிபில் மதிப்பெண் விழும்.

சேர்ந்து வாழத் தொடங்கும்போதே ஒப்பந்தம் எழுதலாமா? தாராளமாக எழுதலாம், ஆனால் எழுதும் விதம் முக்கியம். "என்னோடு வாழ்வதற்குப் பதிலாக இதைத் தருகிறேன்" என்பது போல எழுதினால், ஒழுக்கத்துக்கு மாறான ஒப்பந்தம் என்று ஒப்பந்தச் சட்டப் பிரிவு 23-இன் கீழ் செல்லாமல் போகலாம். உறவைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இந்த வீட்டுக்கு முன்பணம் இவர் இவ்வளவு, அவர் இவ்வளவு. தவணை இன்ன கணக்கிலிருந்து. வீட்டுச் செலவு செய்பவரின் தொகை வீட்டுப் பங்கில் இந்த விகிதத்தில் சேரும். விற்றால் பணம் இப்படிப் பிரியும் என்று பணமும் சொத்தும் மட்டும் எழுதுங்கள். இதைக் கேட்டால் துணை கோபித்துக்கொள்வார் என்று பலர் தயங்குகிறார்கள். பெரும்பாலும் தயங்குவது யார் பெயரில் பத்திரம் இல்லையோ அவர்தான், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கணக்கு வேறு. பெற்றோர் திருமணம் செய்யவில்லை என்பதால் குழந்தையின் பராமரிப்புச் செலவு எந்த வகையிலும் குறையாது, அதைத் தாய் எப்போது வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் கேட்கலாம். சொத்துப் பேச்சோடு அதைக் கலந்து, "வீட்டை விட்டுக்கொடுத்தால் குழந்தைச் செலவு தருகிறேன்" என்று பேரம் பேச விடாதீர்கள்.

காவல் நிலையத்துக்கு ஓடுவதற்கு முன் ஒன்று. சொத்தைப் பிரித்துக்கொடுக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை. மிரட்டல், அடி, நம்பிக் கொடுத்த நகையைத் தர மறுப்பது போன்றவற்றுக்குத்தான் அங்கே புகார். மற்றதற்கு வழக்கறிஞர் வேண்டும், அதற்குக் காசில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்புக்குள் இருந்தால் உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக் குழு அலுவலகம் இருக்கிறது. வழக்குப் போடாமலேயே எதிர்த்தரப்பை அழைத்துச் சமரசம் பேசவும் அங்கே வழி உண்டு. தொலைபேசியில் கேட்க 15100. போகும்போது கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, இருவரின் வங்கிக் கணக்கு அறிக்கை, கடன் அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம், ஒரே முகவரியில் இருவர் பெயரிலும் உள்ள ஏதாவது ரசீதுகள் ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.